ஒன்றுமில்லாததைப் பார்க்கப் போனவர்கள்

அந்த மலையூரின் காட்சிமுனையில் காவல் நிற்கிறவரைக் கடைக்காரர்கள் ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அது பழகிவிட்டது. யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்.

வேலை எளிதானது. கைப்பிடிக் கம்பியை ஒட்டி, பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். யாராவது கம்பிமேல் ஏறினால், குழந்தையைத் தோளில் வைத்துச் சாய்ந்தால், படத்துக்காக ஒரு காலை வெளியே நீட்டினால் விசில் ஊத வேண்டும். திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்த்தால் ஆட்களைப் பார்க்க முடியாது. அதனால் திரும்பக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லப்பட்ட ஒரே விதி அதுதான். உலகம் முழுவதும் எந்தத் திசையைப் பார்க்க அங்கே வந்ததோ, அந்தத் திசைக்கு முதுகைக் காட்டியே அவர் தலை நரைத்தது.

அப்படியானால் அவர் பார்த்தது என்ன? முகங்களை.

இரு பக்கமும் பாறைச் சுவர் நிற்க, படிக்கட்டு வளைந்து ஏறும். கடைசி வளைவு வரை ஒன்றும் தெரியாது. வியர்த்து, முணுமுணுத்து, செருப்புக் கடிக்கிறது என்று குறைசொல்லிக்கொண்டு வருவார்கள். வளைவைத் தாண்டியதும் கால் தானாக நிற்கும். பேசிக்கொண்டிருந்த சொல் பாதியில் அறுந்துபோகும். கீழே ஆறும் எதிரே அருவியும் அவ்வளவு பெரிய பள்ளமும் அவர்கள் கண்ணில் விழுவதை அவர் அவர்கள் கண்ணிலேயே பார்ப்பார். போனில் யாரையோ திட்டிக்கொண்டு வந்த ஒருவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அடுத்த சொல்லை மறந்து நின்றதை அவர் பார்த்திருக்கிறார். பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாமலே அவர் முழங்கையைப் பற்றிக்கொண்ட பெண்ணையும் பார்த்திருக்கிறார். அந்தக் கணத்தில் பணக்கார முகம், படித்த முகம் என்று எதுவும் இருப்பதில்லை. எல்லாம் ஒரே முகம். தூங்கி எழுந்த குழந்தையின் முகம்.

மனிதர்கள் ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று கேட்டால் அந்த முகத்தையே பதிலாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது முழுப் பதில் இல்லை. மண்பாதை இருந்த காலத்தில் சிலர்தான் வந்தார்கள். தார்ச்சாலை வந்தது, பேருந்து வந்தது. நிறுவனங்கள் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கத் தொடங்கியதும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பிறகு கையில் கேமரா உள்ள போன் வந்தது. ஒருவர் எடுத்த படம் அவருடைய அலுவலகத்தையே அழைத்துக்கொண்டு வந்தது. வியப்பதற்காக வந்தவர்களோடு, விட்டுப்போய்விடக் கூடாதே என்று வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். படத்தில் முன்பே பார்த்துவிட்ட ஒன்றைச் சரிபார்க்க வருகிறவனுக்கு அந்தக் கடைசி வளைவு என்ன செய்யும்? விசில்காரர் இன்னொரு முகத்தையும் அடிக்கடி காணத் தொடங்கினார். கீழுதடு லேசாகப் பிதுங்கி, கண் ஒரு சுற்றுச் சுற்றி, ‘இவ்வளவுதானா’ என்று சொல்லும் முகம்.

அந்த முகத்தைக் காணும்போதெல்லாம் தானே எதையோ ஒழுங்காகச் செய்யாமல் விட்டதுபோல அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

அவர் மனைவிக்கு விடுதியில் சலவை அறை வேலை. கூட்டம் பெருகப் பெருக விடுதிகள் பெருகின, விரிப்புகளும் பெருகின. இயந்திரத்திலிருந்து ஈரத்தோடு எடுத்து, மொட்டைமாடிக்குச் சுமந்து, உதறிக் காயப்போட வேண்டும். இரண்டு மலைகளின் மடிப்புக்குள் இருக்கும் ஊர். சூரியன் முகடு தாண்டி வரும்போதே பாதி வானம் ஏறியிருக்கும். சாயங்காலம் ஆவதற்குள் எதிர்முகட்டுக்குப் பின்னால் போய்விடும். அதற்குள் காயவைத்தாக வேண்டும். சலவை அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பாறை.

ஒருமுறை விடுதியில் தங்கியிருந்த பம்புசெட் வியாபாரி ஒருவர் சட்டையைத் தேய்க்கக் கொடுக்க வந்தவர், பேச்சோடு பேச்சாக, “உங்களுக்கென்னம்மா, சொர்க்கத்துல இருக்கீங்க. எங்க ஊர்ல ஒண்ணுமே கிடையாது” என்றார்.

“ஒண்ணுமேன்னா?”

“ஒண்ணுமேன்னா ஒண்ணுமேதான். மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. தட்டைக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்கும். காலைல சூரியன் தரையிலிருந்தே கிளம்பும். பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு.”

தேய்த்த சட்டையை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அந்த அம்மாளின் மனத்தில் மட்டும் அந்தத் தட்டு தங்கிவிட்டது. தரையிலிருந்து கிளம்பும் சூரியனை அவள் பார்த்ததே இல்லை. பிறந்ததும் மலை, கட்டிக்கொண்டு வந்ததும் மலை.

“ஒண்ணுமே இல்லாம ஒரு இடம் எப்படிங்க இருக்கும்?” என்று அன்று மாலை கணவரிடம் கேட்டாள்.

“ஒண்ணுமில்லாம இருக்கும்.”

“பெரிய கண்டுபிடிப்பு. நான் அதைப் பாக்கணும்.”

சிரித்துவிட்டு அவர் மறந்துபோனார், அவள் மறக்கவில்லை. நகரத்தில் இருக்கும் தங்கை அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டபோது, “அங்க கட்டடம், இங்க மலை. மறைக்கிறதுல என்ன வித்தியாசம்?” என்று மறுத்தாள். மழைக்காலத்தில் அவருக்கு விடுப்பு கிடைக்கும். ஆனால் மழைக்காலத்தில் சமவெளியும் வெள்ளத்தில் கிடக்கும். வெயில் காலத்தில் போகலாம்; அதுதான் சீசன். ஊர் முழுவதும் பிறர் விடுமுறையை நடத்திக்கொடுத்துப் பிழைப்பதால், அந்த ஊரில் யாருக்கும் விடுமுறை வாய்ப்பதில்லை. வருடங்கள் போயின. ஒருநாள் மொட்டைமாடியில் நனைந்த விரிப்போடு வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவள், “நடக்க முடியாம போனப்புறம் கூட்டிட்டுப் போய் என்னத்தைக் காட்டப் போறீங்க?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் விசில்காரர் மேலதிகாரியிடம் போய் நின்றார்.

“சீசன்ல லீவா? யாருக்கு உடம்பு சரியில்ல?”

“எல்லாரும் நல்லா இருக்கோம் சார். ஊர் சுத்திப் பாக்கப் போறோம்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “யோவ், உலகமே இங்க வந்து ஊர் பாக்குது. நீ எங்கய்யா போற?”

சமவெளியில் அந்தப் பம்புசெட் வியாபாரியின் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

“அங்க என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க சார்.”

“அப்புறம்?”

“அதைத்தான் பாக்கணுமாம், வீட்டுல.”

அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். “போய்ட்டு வா. ஒண்ணுமில்லாததுல எனக்கும் கொஞ்சம் வாங்கிட்டு வா.”

ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மலை இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வெளியே இருட்டு. அவருக்கோ ஒரே கவலை. இத்தனை வருடம் ஒருத்தி மனத்தில் வளர்த்த ஒன்று, நேரில் பார்த்தால் எவ்வளவு தேறும்? எத்தனை பேர் ஆசை ஆசையாய் வந்து கீழுதட்டைப் பிதுக்குவதைப் பார்த்திருக்கிறார்! அருவியும் ஆறும் உள்ள இடத்திலேயே அந்தக் கதி. ஒன்றுமில்லாத இடத்தில் அவளுக்கு என்ன காட்ட முடியும்? அந்த முகத்தை மட்டும் அவளிடம் பார்த்துவிடக் கூடாது என்று அவர் நினைத்துக்கொண்டே வந்தார். ஊரார் முகத்தில் பார்த்தால் அடுத்த ஆள் வந்து மறைத்துவிடுவார். இவள் முகத்தில் பார்த்தால் அதோடுதான் மிச்சக் காலமும் இருக்க வேண்டும்.

சமவெளி ஊரில் ரயிலடிக்கு அருகில் ஒரு விடுதி. அறைச் சாவியைக் கொடுத்த முதலாளியிடம் விசில்காரர் தன் ஊருக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“காட்சிமுனை காலைல எப்பங்க திறப்பாங்க?”

“எது?”

“அதாங்க, பாக்கற இடம்.”

“எதைப் பாக்கற இடம்?”

மனைவி முந்திக்கொண்டு சொன்னாள்: “வெட்டவெளியை.”

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கிண்டல் இல்லை என்று புரிந்ததும் குரல் இறங்கியது. “அதுக்கு எதுக்கும்மா தனியா ஒரு இடம்? ரயில் கேட்டைத் தாண்டினா கிடக்குதே.”

“டிக்கெட் எங்க வாங்கணும்?” என்றார் விசில்காரர்.

“வேணும்னா நான் கிழிச்சுத் தரேன்” என்ற முதலாளி, அவர்கள் எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தலையில் கை வைத்தார். “எங்க கல்யாணமானதும் நாங்க போன ஒரே ஊர் அதுதாங்க. இங்கேருந்து தப்பிச்சு அங்க போனோம். நீங்க என்னடான்னா அங்கேருந்து இங்க வந்து நிக்கிறீங்க. நாளைக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடியே கிளம்பிடுவீங்க பாருங்க.”

விசில்காரருக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் போயிற்று.

விடிவதற்கு முன்பே அவள் அவரை எழுப்பிவிட்டாள். ரயில் கேட்டைத் தாண்டினார்கள். ஒரு தானியக் கிடங்கு, அதன் பின்னால் பழுதான டிராக்டர், ஒரு வேலி. அதோடு ஊர் முடிந்தது. அறுவடை ஆன நிலம். பயிரின் அடித்தாள்கள் மட்டும் வரிசை வரிசையாக நின்றன. இருள் பிரியும் சாம்பல் வெளிச்சத்தில், எங்கே தரை முடிகிறது எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை.

அவர் பழக்கத்தில் கிழக்குக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்து நின்றார். உடனே பயம் வந்தது. பார்க்கப் போவது அவள் முகத்தை அல்லவா? சட்டென்று வடக்கே திரும்பிக்கொண்டார்.

திரும்பியவருக்கு முன்னால் அதுதான் இருந்தது. மறைக்க ஒரு மரமில்லை; நிலம் போய்க்கொண்டே இருந்தது. தெற்கே திரும்பினார். அங்கேயும் அதுதான். கிழக்கேயும். முதுகு காட்டி நிற்க இங்கே ஒரு திசை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் காட்சிமுனைதான். மலையில் வானம் என்பது இரண்டு முகடுகளுக்கு நடுவே கட்டிய துணி. இங்கே அது காலடியிலிருந்து கிளம்பித் தலைக்கு மேல் போய் மறுபக்கக் காலடியில் இறங்கியது. இவ்வளவு பெரியது இத்தனை நாளும் தலைக்குமேல் இருந்திருக்கிறது.

பிறகு தரை ஓரிடத்தில் சிவந்தது. சிவப்பு ஒரு கோடாகி, கோடு வளைந்து, நிலத்திலிருந்து சூரியன் அவசரமில்லாமல் வெளியே வந்தது. வெளிச்சம் மேலிருந்து கொட்டவில்லை. தரையோடு தரையாக ஓடி வந்தது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நிழல் முளைத்தது. அவருடைய நிழல் அவரை விட்டு நீண்டு, எங்கோ போய் முடிந்தது. அவர் வாய் திறந்திருந்தது. அதை மூட வேண்டும் என்று தோன்றவில்லை.

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. நினைவு வந்து தேடியபோது மனைவி பக்கத்தில் இல்லை. வரிசைத் தாள்களுக்கு நடுவே சூரியனை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். இடுப்பு வலியால் லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். மலையில் யாரும் பத்து அடி போனால் வளைவு விழுங்கிவிடும். இவள் போகப் போகச் சிறுத்தாளே தவிர மறையவில்லை. ஒரு மனிதர் இவ்வளவு சிறிதாகியும் இவ்வளவு முழுசாகத் தெரிய முடியும் என்று அவர் அறிந்ததில்லை. கம்பி இல்லை, பள்ளம் இல்லை. அவள் போவதற்கு ஒரு தடையும் இல்லை.

அவர் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார். அவள் நின்றிருந்தாள். இனித் தவிர்க்க முடியாது. பக்கவாட்டில் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

கன்னமெல்லாம் ஈரம். உதடு அவள் பேச்சைக் கேட்காமல் துடித்துக்கொண்டிருந்தது.

“கிட்டப் போனா அந்தக் கோடும் நகர்ந்து நகர்ந்து போகுதுங்க” என்றாள்.

“ஆமா.”

“நாளைக்கும் வரணும்.”

“நாளைக்கு எனக்கு டியூட்டி.”

“உங்க பள்ளம் எங்க ஓடிப்போகப் போகுது?” என்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

அவரும் பக்கத்தில் நடந்தார்.