நாகலூர் பஸ்ஸில் படித்த கணக்கு

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் கம்பெனியின் ஆபீஸில் நான் தற்காலிக கிளார்க். அக்கவுண்டன்சி லோயர் பரீட்சை பாஸ் செய்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அந்த வருஷத்தோடு கும்பிடு போட்டுவிட்டு வீட்டைப் பார்க்க வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஏற்கனவே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். எனக்கோ அந்த வேலை மேல் உயிர்.

என் வீட்டுக்காரர் எதையும் அட்டவணை போட்டுச் செய்கிற ஆள். பல் விளக்கக்கூட நேரம் வைத்திருப்பார். "காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுப் படி, பசுமரத்தாணியாட்ட நிக்கும்" என்று எனக்கும் ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினார். ஏற்காட்டு மார்கழியில் நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் தெரியும்! கம்பளியைப் போர்த்திக்கொண்டு புத்தகத்தைத் திறப்பேன். "எந்திரிச்சதுதான் எந்திரிச்சே, ஒரு காப்பி போடேன்" என்பார். காப்பி போட்டால் வெந்நீர், வெந்நீர் போட்டால் இட்லி, அதற்குள் பிள்ளைகள் எழுந்துவிடும். தேய்மானக் கணக்கு முதல் வரியைத் தாண்டவே இல்லை.

ஆனால் ஆபீஸ் போக எங்கள் ஊர் நாகலூரில் பஸ் ஏறி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேனோ இல்லையோ, கணக்கு கடகடவென்று மண்டைக்குள் போகும். பக்கத்தில் கோழி கத்தட்டும், மடியில் பலாப்பழம் உருளட்டும், எனக்கென்ன! குலுங்கினால்தான் என் மூளை வேலை செய்யும் என்று முடிவுகட்டினேன். அவரிடம் சொன்னதற்கு, "பஸ்ல படிச்சா கண்ணுதான் கெடும்" என்றார்.

பரீட்சை சேலத்தில். நிம்மதியாகப் படிக்கட்டும் என்று முந்தின நாளே தன் சித்தி வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். சித்தி தங்கமான மனுஷி. "நீ படி கண்ணு, நொம்பப் படி. அதுக்கு முன்னால இந்த வெங்காயத்த மட்டும் உரிச்சுக் குடுத்துரு சாமி" என்றார். அரை மூட்டை இருந்தது.

விடிந்தது. ஒரு கணக்கும் நினைவில் இல்லை. யாரிடமும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, மலையடிவாரம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். அடிவாரம் போய், அதே பஸ்ஸில் திரும்பி, மறுபடியும் ஒரு நடை.

"ஏனுங்கம்மா, எங்கதான் எறங்கோணும்?" என்றார் கண்டக்டர்.

"இந்தப் பாடம் முடிஞ்சதும் எறங்கிக்கிறேனுங்க" என்றேன்.

பரீட்சை நடந்த பள்ளி வாசலில் என் வீட்டுக்காரர் வெளிறிப்போய் நின்றிருந்தார். "எங்க புள்ள போனே? சித்தி ஊட்டுல தேடாத எடமில்ல!"

"படிக்கப் போனேனுங்க" என்று உள்ளே ஓடினேன்.

பாஸ்! வேலை நிரந்தரமானது. எல்லாம் அட்டவணையின் மகிமை என்று அவர் ஊரெல்லாம் லட்டு கொடுத்தார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். மேனேஜரும் பெரிய மனசு பண்ணி, "பாவம், தினமும் பஸ்ல அலையறீங்க. இனிமே நாகலூர் எஸ்டேட் ஆபீஸ்லயே உக்காந்துக்கங்க" என்றார். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கொடுத்து வைத்தவள் என்றார்கள் எல்லோரும்.

முதல் நாள் அங்கே பேரேட்டைத் திறந்தேன். சன்னல் வழியாக அவர் குரல் வந்தது: "ஏம்புள்ள, உப்ப எங்க வச்சிருக்கே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குலுக்கலாவது மண்ணாவது! பஸ் என்ற அந்த ஒரு இடத்தில்தான் என்னை யாரும் கூப்பிடாமல் இருந்தார்கள்.