சூடேறாத மோட்டார்

எரிந்த மோட்டாரைப் பிரித்ததும் தனசீலன் மூக்கைத்தான் உள்ளே விடுவார். "கம்பி மேல வார்னிஷ் கருகிட்டு. ஓவர்லோடு குடுத்திருக்கானுவ" என்று சொன்ன பிறகே கை வைப்பார். மஜ்காவில் ஒரு கப்பல் பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர், வீடு தாராவியில். வீட்டிலும் மூக்கு சும்மா இருக்காது. குழம்பை முகர்ந்து, "லேசா அடிப்பிடிச்சிட்டு" என்பார். "இது என்ன மோட்டாரா? பேசாம சாப்பிடுங்க" என்பாள் மனைவி லூர்தம்மாள்.

இந்தக் கோடையில் அவர் நிம்மதியைக் கெடுத்தவர் மாதுங்காவிலிருந்து பட்டறைக்கு வந்துபோகும் இன்ஜினீயர் பஞ்சாபகேசன். "சீமையில ஒரு மோட்டார் பண்ணியிருக்கான் ஓய். கம்பியை திரவ ஹீலியத்துல முக்கிடறான். அந்தக் குளிர்ல மின்சாரத்துக்குத் தடையே கிடையாது, கம்பி சூடேறாது. நாளைக்குக் கப்பலையே ஓட்டும்."

"ஐஸ்ல வச்சா ஆவாதா சார்?"

"ஐஸெல்லாம் அதுக்கு முன்னாடி வென்னீர். கம்பியும் வேற ஜாதி."

தனசீலன் காதில் விழுந்தது சூடேறாது என்பது மட்டும்தான். சூடேறாவிட்டால் எரியாது, எரியாவிட்டால் தனசீலன் எதற்கு? ராத்திரி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு லூர்தம்மாளிடம், "மோட்டார் எரியலைன்னா நாம என்னத்தட்டி திங்க?" என்று புலம்பினார். ஆனாலும் அப்படியொரு மோட்டாரைப் பார்த்துவிட ஆசை அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் சயான் ஐஸ் கடையிலிருந்து சாக்கில் சுற்றிய ஐஸ் பாளம் வந்தது. வீட்டின் ஒரே மேஜை விசிறியைக் கழற்றி, அதன் மோட்டாரை ஐஸ்மேல் வைத்து சுவிட்சைத் தட்டினார். ஓடியது. "தொட்டுப் பாரு, ஏக்தம் ஜில்லுன்னு!" என்று குதித்தார். உருகிய தண்ணீர் கம்பிக்குள் போயிற்று. டப்பென்ற சத்தத்தோடு அந்த வீட்டு வரிசை முழுக்க மின்சாரம் நின்றது.

கப்பல் மோட்டார் கதையை அவர் வாயாலேயே கேட்டிருந்த பக்கத்து வீட்டு கணேசபாண்டியன் வேர்வையோடு வெளியே வந்து கேட்டார்: "என்ன அண்ணாச்சி, கப்பல் பொறப்பட்டுட்டா?"

"எரிஞ்சிட்டுல்லா? இனி உங்க வேலை எங்கயும் போவாது" என்றாள் லூர்தம்மாள்.

தனசீலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பியூஸ் கம்பியை மாற்றினார். ஐஸை உடைத்து வாசல் வாசலாகக் கொடுத்துச் சமாதானம் பண்ணினார். வாயில் ஐஸோடு யாராலும் திட்ட முடியவில்லை. கடைசிக் கட்டியை மனைவிக்கென்று கொண்டுவந்தார். அவள் டம்ளர் எடுக்கத் திரும்பிய நேரம், சட்டைப்பையிலிருந்து ஒரு முழம் செப்புக்கம்பியை எடுத்து, சத்தமில்லாமல் அந்தக் கட்டியைச் சுற்ற ஆரம்பித்தார்.