வேஸ்ட்டும் பார்ட்டிக்குத்தான்

இந்தப் பக்கத்தின் தலையில் இருக்கும் என் படத்தை மாற்றச் சொல்லி ஆசிரியர் எழுதிவிட்டார். வாசகர்கள் புகார் செய்கிறார்களாம். புகாரில் நியாயம் உண்டு. போன மாதம் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். வாசலில் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கள் எழுத்தாளருக்கு மாமனாரா?" என்று பயபக்தியோடு கேட்டார். அதற்கு மேலும் பழைய படத்தையே கட்டிக்கொண்டு அழ முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊரில் போட்டோ எடுக்கும் தெய்வானை அம்மாளிடம் போய் உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்து அவரே வீடு தேடி வந்து ஒரு கவரைக் கொடுத்தார். படங்கள் நன்றாகத்தான் இருந்தன. வயதை மறைக்கவில்லை. மறைக்கச் சொல்லிக் கேட்டும் மறைக்கவில்லை.

கூடவே நெகட்டிவ் முழுவதும் இருந்தது. அதோடு ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தேன்... அதிலும் நான்தான். ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் வாயைத் திறந்துகொண்டிருக்கிறேன் — கொட்டாவி என்று நினைக்கிறேன். இன்னொன்றில் தலையே இல்லை, சட்டை மட்டும்தான். என் மனைவி அதை எடுத்து வைத்துக்கொண்டு, இதையே அனுப்பிவிடலாமே என்றாள்.

"இதையெல்லாம் எதுக்கம்மா சுமந்துக்கிட்டு வந்தீங்க? கிழிச்சுப் போட்டிருக்கலாமே?" என்றேன்.

"அதெப்படீங்க சார்? ரோல் நீங்கதானுங்களே வாங்கிக் குடுத்தீங்க? அப்ப வேஸ்ட்டும் உங்களுதுதானுங்க."

திருப்பூர்க்காரர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஓடுவதே 'ஜாப் ஒர்க்' என்ற ஒரு வார்த்தையில்தான். பனியன் கம்பெனிக்காரர் நூலைக் கொடுப்பார். மெஷின் வைத்திருப்பவர் அதைத் துணியாக்கிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார். நூல் கொடுத்தவருக்குப் 'பார்ட்டி' என்று பெயர். நூலும் பார்ட்டியுடையது, துணியும் பார்ட்டியுடையது. அறுந்து விழுந்த கழிவு நூல் இருக்கிறதே — 'வேஸ்ட்' — அதையும் மூட்டை கட்டித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கையும் மெஷினும் மட்டுந்தான் ஜாப் ஒர்க்காரருக்குச் சொந்தம்.

இந்தச் சட்டத்தை அப்படியே தூக்கி போட்டோவுக்கு வைத்துவிட்டார் தெய்வானை அம்மாள். இந்தியாவில் வேறு எந்த ஊர் போட்டோக்காரருக்காவது இப்படித் தோன்றுமா?

அவருக்கு ஊர் மங்கலம். வீட்டுக்காரர் அங்கே விசைத்தறி ஓட்டுகிறார், அதுவும் ஜாப் ஒர்க்தான். அம்மாளுக்குச் சென்ற வருஷம் வரை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். மிலிட்டரியிலிருந்து வந்த அவருடைய அண்ணன் ஒரு பெட்டிக் கேமரா கொண்டுவந்தாராம். அண்ணனுக்கு அலுத்துப்போனதும் அது தங்கை கைக்கு வந்தது. தங்கைக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

எனக்கு அவர் பழக்கமானது போட்டோவால் அல்ல, எழுத்தால். ஒரு வாரப் பத்திரிகையில், காலை டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தார். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக டிபன் பாத்திரத்தை உள்ளே போட்டு இடம் பிடிப்பதும், ஏறிப் பார்த்தால் அதன் மேல் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பதும், பிறகு மத்தியானம் அந்த நசுங்கின பாத்திரத்திலேயே இருவரும் சேர்ந்து சாப்பிடுவதும்... படித்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. அதே பஸ்ஸில்தானே நானும் வருஷக்கணக்காகப் போய் வருகிறேன்? என் கண்ணில் ஏன் படவில்லை? பொறாமை தாங்காமல் விலாசம் விசாரித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

அப்போதெல்லாம் சாப்பாட்டு இடைவேளையில் எழுத்து. ஞாயிற்றுக்கிழமை போட்டோ. வீட்டில் தறிக்கான பாவு நூல் வைக்கிற உள் அறையின் ஜன்னலில் பழைய போர்வையை அடித்து இருட்டாக்கி, ஃபிலிம் கழுவுவது அங்கேயேதான். மற்ற நாள் எல்லாம் கம்பெனி. இதற்கு நடுவில் குழம்பு யார் வைப்பது என்று கேட்டேன். "அதையும் நான்தானுங்க வெக்கறேன். ரசம் மட்டும் அவரு வெப்பாருங்க, நல்லாத்தான் இருக்குமுங்க" என்றார்.

அவரிடம் வந்த பார்ட்டிகள் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள். கல்யாணத்துக்கு வரன் பார்க்க போட்டோ வேண்டும். ஆனால் ஸ்டூடியோவில் நெகட்டிவை வைத்துக்கொள்வார்களே, அது நாளைக்கு யார் கைக்குப் போகுமோ என்று தகப்பன்மார்களுக்குக் கவலை. தெய்வானை அம்மாளிடம் அந்தக் கவலையே கிடையாது. ரோல் நீங்கள் வாங்கித் தர வேண்டும். கூலி கொடுத்ததும், நெகட்டிவ், படம், கெட்டுப்போன காப்பி உட்பட எல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடும். அவரிடம் ஒரு துண்டு கூடத் தங்காது.

சென்னை ஆசிரியர் ஒருவர், "இந்த அம்மாள் ஃப்ரீலான்ஸா?" என்று என்னிடம் கேட்டு எழுதியிருந்தார். அந்த வார்த்தையைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'சுதந்திரத் தொழிலாளி' என்று போட்டுப் பார்த்தேன். ஏதோ புதுக் கட்சி மாதிரி இருந்தது. அம்மாளிடமே கேட்டேன். யாருக்கும் கைகட்டி நிற்காமல், நமக்கு நாமே முதலாளியாக இருப்பது என்று விளக்கமும் சொன்னேன்.

"நமக்கு நாமளே மொதலாளின்னு எப்படீங்க சொல்றது? வர்ற பார்ட்டி அத்தனை பேரும் மொதலாளிதானுங்க. இது ஜாப் ஒர்க்குங்க" என்றார்.

அப்படியே எழுதிப் போட்டேன். ஆசிரியருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வருஷம் தெய்வானை அம்மாள் கம்பெனி வேலையை விட்டுவிட்டார். எழுத்தும் போட்டோவும் போதும், அதிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம். தைரியத்துக்குக் காரணம் நான்தான். எனக்குத் தெரிந்த ஒரு பனியன் கம்பெனி முதலாளிக்கு விளம்பர வேலை செய்ய ஆள் தேவைப்பட்டது. பெயர் வேண்டாம், அவர் என் வாசகர். இதையும் படிப்பார். இந்த ஒரு பார்ட்டி அமைந்துவிட்டால் மாதாமாதம் நிச்சயமான வேலை. அமையாவிட்டால்... விட்ட கம்பெனியில் மறுபடி சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்காரர் தறிக்கும் அப்போது சரியாக நூல் வரவில்லை. எல்லாம் அந்த ஒரு சந்திப்பில்தான் இருந்தது.

நானும் கூடப் போனேன்.

அம்மாள் பனியனுக்கு விளம்பர வாசகம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'வேர்வைக்குத் தெரியும் எங்கள் பனியன்.' முதலாளி படித்தார். சிரித்தார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு அவருக்கும் படித்துக் காட்டினார்.

"அம்மிணி, எழுத்தும் உங்க கை, படமும் உங்க கை. பெட்டி மேல போடற படம், காலண்டரு, பேப்பர் வெளம்பரம், வருசம் பூராவும் நீங்களே பண்ணிக் குடுத்துருங்க. மெட்ராசுக்குப் போயி நின்னு நின்னு எனக்கும் சலிச்சுப் போச்சுங்க."

"சரிங்க" என்றார் அம்மாள். அந்த 'சரிங்க'வில் இருந்த சந்தோஷத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

"ஆனா மொதல் படம் இன்னதுதான்னு நான் ரோசனை பண்ணி வெச்சிருக்கறனுங்க. எங்க ஒறம்பரை, சித்தப்பா ஊட்டுக்கு வரன் பாக்கறதுக்கு வந்த படமுங்க. தாராபுரத்துப் புள்ளை. சிரிப்பை அடக்கிப் பாத்து முடியாம நிக்குமுங்களே... அதை நீங்கதான் எடுத்ததுன்னாங்க. ஜாதகம் சேரலீன்னு படத்தைத் திருப்பி அனுப்பீட்டாங்க. நெகட்டிவ் உங்ககிட்ட இருக்குமில்லீங்க?"

"இல்லீங்க. அவங்ககிட்டயே குடுத்துட்டனுங்க."

"ஒரு காப்பியாச்சும்?"

"இல்லீங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தேன்.

"சரி, ஒண்ணு பண்ணுங்க. இன்னொரு காப்பி போட்டுத் தர்றேன்னு சொல்லி நெகட்டிவை வாங்கியாந்துருங்க. நீங்க கேட்டாக் குடுத்துருவாங்க. சிவகாசில சேலைக் கலரை மாத்தி, பொட்டை மாத்தி, தலை நெறையப் பூவை வெச்சு வரைஞ்சுருவாங்க. அந்தப் புள்ளைக்கே அடையாளம் தெரியாதுங்க."

அம்மாள் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க, உங்க நூலுல துணி ஓட்டிக் குடுத்துப்போட்டு, பொறவு ஒரு நா வந்து, 'அந்தத் துணியைக் கொஞ்சம் குடுங்க, சரி பண்ணித் தர்றேன்'னு பொய் சொல்லி வாங்கீட்டுப் போயி, எம்பட ஊட்டுக்காரருக்கு ஒரு பனியன் தெச்சுப் போட்டா, நீங்க உடுவீங்களா?"

"அது வேற, இது வேற அம்மிணி."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"அப்ப நம்மளுக்கு ஒத்து வராதுங்க. இருங்க, காப்பி சாப்பிட்டுட்டுப் போலாம்."

கொங்கு நாட்டில் வெளியே போ என்று சொல்வதற்குக்கூட முதலில் காப்பி வரும். குடித்துவிட்டு வெளியே வந்தோம்.

தெருவுக்கு வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். பொய் சொல்ல வேண்டாம், சரி. உள்ளதைச் சொல்லியே அந்த வீட்டில் கேட்டுப் பார்த்தால் என்ன? குடி முழுகிப்போகுமா?

"கேட்டா அவங்களுக்கு அன்னிக்கே தூக்கம் போயிருமுங்க சார். பனியன் பெட்டில போடறதுக்குக் கேக்கறாங்கன்னா, நம்ம புள்ளை படத்தை இன்னும் யாராரு பாத்திருக்காங்களோன்னு நெனப்பாங்கல்லங்க? என்னை நம்பித்தானுங்க அந்தப் புள்ளை சிரிச்சுது."

நடந்தோம். பஸ் நிறுத்தம் வந்ததும் அவரே, "பயமாத்தானுங்க இருக்குது. ஊட்டுல போயி என்ன சொல்றதுன்னு தெரியலீங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. உதவி செய்யப் போய் நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமே என்று எனக்கு வேதனையாக இருந்தது. ஆனால் அதையும் மீறி அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. நேர்மையைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எத்தனையோ வாரம் எழுதியிருக்கிறேன். என் வருமானம் ஒரு தடவைகூட அதனால் ஆட்டம் கண்டதில்லை.

அவர் வேறொரு கம்பெனியில் தினக்கூலிக்குச் சேர்ந்தார். அனுபவசாலியைப் புது ஆள் வரிசையில் நிறுத்தினார்கள். நின்றார். சாப்பாட்டு இடைவேளையில் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நம் முதலாளிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. போகிற கல்யாணத்தில் எல்லாம், பந்தியில் உட்கார்ந்து இதையே சொல்லிக் குறைபட்டுக்கொண்டார். "அந்த மங்கலத்து அம்மிணி இருக்குதே, அதுகிட்ட என்ன ஆசை காட்டினாலும் ஒரு படம் வெளிய வாங்க முடியாதுங்க. நானே கேட்டுப் பாத்துட்டனுங்க. கல்லுங்க."

சொன்ன இடமோ கல்யாண வீடு. கேட்டவர்களோ பெண்ணைப் பெற்றவர்கள். பக்கத்து இலைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அப்படீங்களா? அந்தம்மா எங்கீங்க இருக்குது?" என்று விலாசம் கேட்பாராம்.

பல்லடம், அவிநாசி, தாராபுரம் என்று பார்ட்டிகள் ரோலும் கையுமாக மங்கலத்துக்கு வர ஆரம்பித்தார்கள். படம் எடுக்க வந்தவர்கள், கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதித் தரச் சொன்னார்கள். பெண்ணின் படத்தையே நம்பிக் கொடுத்தவர்கள், கடை திறப்பு விழா நோட்டீஸைக் கொடுக்க யோசிப்பார்களா? தினக்கூலிக்குப் போக அம்மாளுக்கு நேரமில்லாமல் போயிற்று. பல காசு செலவழித்து முதலாளிகள் செய்கிற விளம்பரத்தை, ஒரு முதலாளி கோபத்தில் இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டார்.

இப்போது திருப்பூரிலேயே வாடகைக்கு ஓர் அறை பிடித்து போர்டு மாட்டியிருக்கிறார். 'போட்டோ, எழுத்து — ஜாப் ஒர்க்.' வாசலில் கண்ணாடி ஷோகேஸ் ஒன்று உண்டு. மற்ற ஸ்டூடியோக்களில் அதில் மாப்பிள்ளையும் பெண்ணுமாகச் சிரிப்பார்கள். இங்கே அது காலி. மாட்டுவதற்கு அவரிடம் என்ன இருக்கிறது?

என் படங்களைக் கொடுக்க வந்த அன்று, பேச்சோடு பேச்சாக, போன வாரம் வந்த பார்ட்டி யார் தெரியுமா என்று கேட்டார் தெய்வானை அம்மாள். எனக்குத் தெரியவில்லை. அந்த முதலாளியேதானாம். மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, காலி ஷோகேஸைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் வாசலில் நின்றாராம். கடைசியில் உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மிணி... எம்பட புள்ளை படத்தை, யாரு வந்து கேட்டாலும் குடுத்துர மாட்டீங்களே?" என்றாராம்.

"நீங்களே கேட்டுப் பாத்தவங்கதானுங்களே" என்றாராம் இவர்.