சேகர் குறை சொன்னவர்

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது செல்போனில் செய்தி வந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சேகர் இறந்துவிட்டார், மாரடைப்பு. முதலியார்பேட்டையில் அவர் தெருமுனைக்கு நான் போய்ச் சேரும்போது ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வேலை பார்த்த தனியார் மருத்துவமனை நிர்வாகம் வைத்தது. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: 'ஒருநாளும் ஒரு குறையும் சொல்லாத உழைப்பாளி.'

செய்தியாளன் என்ற முறையில் நிறையப் பொய்களைப் படித்திருக்கிறேன். இவ்வளவு பெரிய எழுத்தில் படித்ததில்லை. அவரைத் தெரிந்த உங்களுக்குத் தெரியும், சேகர் குறை சொல்லாத நாள் கிடையாது. டீ ஆறியிருந்தால் சொல்வார். என் செய்தியில் தெருப் பெயர் தப்பாக இருந்தால் விடிந்ததும் போன் செய்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி ஸ்டார்ட் ஆகும்போது வரும் சத்தத்தைப் பற்றிச் சொல்வார்.

என் காரில் காலையில் சாவியைத் திருப்பியதும் கீச்சென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. சேகர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ரேடியோவ நிறுத்துங்க சார். ஃபேனையும் நிறுத்துங்க. அப்படியே வாயையும்." கேட்டுவிட்டு, பெல்ட் என்றார். பெல்ட்டை மாற்றினேன், சத்தம் போகவில்லை. மறுபடி வந்து பெல்ட்டைக் கழற்றி, டைனமோவைக் கையால் சுற்றிப் பார்த்தார். பேரிங் கரகரத்தது. "மொத தடவ தப்பா சொல்லிட்டேன் சார். கழட்டிப் பாக்காம சொன்னேன் பாருங்க, அது திமிரு." குறை சொல்வதில் தன்னையும் அவர் விட்டுவைத்ததில்லை.

மருத்துவமனையின் ஒரே ஆம்புலன்சில் ஒரு மழைக்காலத்தில் வேறொரு சத்தம் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் இரும்பை இரும்பு கடிப்பதுபோல் கறகறவென்று கேட்கும், இன்ஜின் பிடிக்காது. எப்போதும் அல்ல, சில நேரம் மட்டும். பேட்டரியை மாற்றினார்கள். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்தார்கள். சத்தம் நிற்கவில்லை. சேகர் ஒன்றைக் கவனித்திருந்தார். வண்டியைக் கியரில் போட்டு லேசாக அசைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்கிறது. மோட்டார் கெட்டிருந்தால் அசைத்த பிறகும் கடிக்க வேண்டும். ஆகவே கெட்டது மோட்டார் அல்ல, அது போய்ப் பற்றிக்கொள்ளும் சக்கரத்தின் பற்கள். இன்ஜின் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிலைகளில்தான் வந்து நிற்கும். அதனால் அந்த இடத்துப் பற்கள் மட்டும் தேய்ந்துவிடுகின்றன.

மனைவி கலாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து, மோட்டாரைக் கழற்றிய இடைவெளியில் டார்ச் அடித்து மேனேஜரைக் கூப்பிட்டார். வேறு செய்திக்காகப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"கண்ணாடில பாருங்க சார், பல்லு மழுங்கிக் கெடக்குது. கியர்பாக்ஸ எறக்கி, இந்தப் பல்லு இருக்குற ரிங்க மாத்தணும். ரெண்டு நாள் வண்டிய நிறுத்துங்க."

மேனேஜர் குனியவே இல்லை. "யோவ் சேகர், கண்ணாடி கையில இருக்கும்போதே உன் பல்லப் பாத்துக்கய்யா. இருக்கறது ஒரே வண்டி. நோயாளிய நீ தோள்ல தூக்கினு வருவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சேகர் சொன்னார்: "நீங்க நிறுத்தலன்னா, எங்க நிக்கணும்னு அதுவே முடிவு பண்ணிக்கும் சார்."

அன்றிலிருந்து நோயாளிகளின் வீட்டு வாசலில் அவர் இன்ஜினை நிறுத்துவதில்லை. தவளக்குப்பத்தில் நெஞ்சுவலியில் துடித்த ஒரு விவசாயியை ஏற்றப் போனபோதும் ஓடவிட்டுத்தான் உள்ளே போனார். ஸ்ட்ரெச்சரோடு திரும்பினால் வண்டி அமைதியாக நிற்கிறது. உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தில் சொன்னார்: "டீசல் வீணாவுதேன்னு நாந்தாங்க அமத்துனேன்." சேகர் சாவியைத் திருப்பினார். கறகற. கடைத்தெருவிலிருந்து ஆட்கள் ஓடிவந்து முழு வேகத்தில் தள்ளப் பார்த்தார்கள். "லேசா அசைங்கப்பா, போதும்! சாமியா ஊர்கோலம் போவுது?" என்று கத்தினாராம் சேகர். வண்டி பிடித்துக்கொண்டது. விவசாயி பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் சேகருக்கு மெமோ. இரண்டு குற்றச்சாட்டுகள். இன்ஜினை நிறுத்தாமல் டீசலை வீணாக்கினார். பொதுமக்களை வண்டி தள்ள வைத்து நிறுவனத்துக்குத் தலைகுனிவு உண்டாக்கினார். நிறுத்தாமல் விட்டது ஒரு குற்றம். நிறுத்தியதும் ஸ்டார்ட் ஆகாதது இன்னொரு குற்றம். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு மனிதருக்குக் கை வந்தது. சேகரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

நான் செய்தி எழுதினேன். உடனே ரிங் மாறியது. வேலை நடந்த நாட்களுக்குப் பக்கத்து மருத்துவமனை கேட்டவுடன் தன் வண்டியைக் கொடுத்தது. அதற்கு முன் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சேகரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மெமோவை மட்டும் திரும்பப் பெறவில்லை. கடைசிவரை மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். "பல்லு தேஞ்சது நெஜம்னு அவங்களே ரிங்க மாத்திட்டாங்க. அப்புறம் மெமோ எப்படி சார் நெஜமாவும்?" என்று என்னிடம் கேட்பார்.

காரியத்தன்று படத்திறப்பு. படத்தைத் திறக்க வந்தவர் அதே மேனேஜர், இப்போது நிர்வாக அதிகாரி. துணியில் கை வைத்தபோது கலா குறுக்கே வந்து நின்றார்.

"ஒரு நிமிஷங்க. கொற சொல்லாதவருன்னு போட்டிருக்கீங்களே, யாரு, இவுரா? கொழம்புல உப்பு கொறஞ்சா தெருவுக்கே கேக்குமே!"

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கலா சிரிக்கவில்லை. "அந்த மெமோவ ரத்து பண்ணிட்டு வந்து தொறங்க."

"போன மனுஷனுக்கு அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"போனது அவுரு. மெமோ அங்கயேதானே இருக்குது?"

அதிகாரி நாற்காலிக்குத் திரும்பினார். கலா தன் கையாலேயே துணியை விலக்கினார்.

சேகர் சொன்னபடி கேட்டிருந்தால் தவளக்குப்பத்தில் அந்த வண்டி நின்றிருக்காது. உயிரோடு இருந்தவரைக்கும் தொல்லை பிடித்தவர் என்று சொல்லிவிட்டு, இறந்ததும் வாயே திறக்காதவர் என்று ஃப்ளெக்ஸ் அடிப்பது அஞ்சலி அல்ல. இன்னொரு முறை அவர் வாயை அடைப்பது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். காலையில் ரேடியோவையும் ஃபேனையும் வாயையும் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்புகிறேன், கேட்கிறேன். வரும் திங்கட்கிழமை கலா அந்த மருத்துவமனைக்கு மனுவோடு போகிறார். என் காரில்தான் போகிறோம். சேகரைத் தெரிந்தவர்கள் மருத்துவமனை வாசலுக்கு வந்துவிடுங்கள்.