கேக்குக்கு ரம் வாங்கப் போன கதை

எங்கள் மாநிலத்தில் மது விற்பது அரசாங்கம் மட்டும்தான். அதனால் கிறிஸ்துமஸ் கேக்குக்குத் திராட்சை ஊறவைக்க ரம் வேண்டுமென்றால், கேக் செய்கிறவளும் குடிக்கிறவரும் ஒரே கடை வாசலில்தான் நின்றாக வேண்டும். பம்மலில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வருஷா வருஷம் நான் ஆர்டர் எடுத்துக் கேக் செய்கிறேன். ரம் வாங்கும் வேலை என் கணவருடையது. அதை மட்டும் சொல்லாமலே செய்வார். வாங்கியதில் கேக்குக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

போன வருஷம் அவர் குடியை விட்டார். அதாவது, விட்டுவிட்டதாகச் சொன்னார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் நான் ஒரு வருஷம் குடித்தனம் நடத்தினேன். நம்ப ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கேட்டால் சண்டை வரும், கேட்காவிட்டால் தூக்கம் வராது.

டிசம்பர் நெருங்கியதும் ரம் வாங்க நானே கிளம்பினேன். அவரை அந்தக் கடைப்பக்கம் அனுப்ப எனக்கென்ன பைத்தியமா? பாட்டிலையும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல், நேராக அஸ்தினாபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போய் அங்கேயே பழங்களை ஊறவைப்பதாக ஏற்பாடு.

மத்தியானம் கடை திறந்ததும் போய் நின்றேன். அடேயப்பா, என்ன மரியாதை! பெண் ஒருத்தி அங்கே வந்தால் புருஷனை இழுத்துப் போகத்தான் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர் அணைந்து கிடந்த போனைக் காதில் வைத்துப் பேசத் தொடங்கினார். மற்றவர்கள் வழிவிட, ஒரு நிமிஷத்தில் கம்பிக்கு முன்னால் இருந்தேன்.

ரம் என்றேன். குவார்ட்டரா, ஆஃபா என்று விற்பனையாளர் கேட்டார். இரண்டு கிலோ திராட்சைக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று நான் திருப்பிக் கேட்க, வரிசையே யோசனையில் ஆழ்ந்தது. சுவரைப் பார்த்து நின்றவர்களும் திரும்பி வந்து கலந்துகொண்டார்கள். கடைசியில் ஃபுல்தான் சரி என்று ஏகமனதாக முடிவானது.

பாட்டிலைத் துணிப்பையில் மறைத்துக்கொண்டு வெளியே வந்தால், எதிரே என் கணவரின் பழைய கூட்டாளி. முன்பெல்லாம் இவரைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிட்டு, என்னிடம் திட்டு வாங்கிப் போகிறவர். ஏதாவது சொல்லிவிடப் போகிறாரே என்று வேகமாக நடந்தேன். அவர் விடவில்லை, பின்னாலேயே வந்தார்.

"இன்னாக்கா, அண்ணன தேடிகினு வந்தியா?"

நான் பையை இறுக்கிப் பிடித்து நடையை எட்டிப்போட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவரு எங்கக்கா இங்க வர்றாரு? ஒரு வருசமா எங்கள கண்டாலே அந்தாண்ட ரோட்ல ஏறிப் போறாரு. கூப்ட்டாலும் திரும்ப மாட்டேங்கறாரு. நாங்க இன்னா பாவம் பண்ணோம்? நீயே கேட்டு சொல்லுக்கா."

நடுரோட்டில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கண்டிப்பாகக் கேட்கிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

இன்று வரை கேட்கவில்லை.