சேற்றில் சறுக்கி வந்த துரை

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். எனக்குக் கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரர் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே புது இயந்திரம் பூட்டித் தர இத்தாலியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஆள் வெள்ளையாக இருந்தால் துரைதான். அதனால் அவரும் துரை ஆனார்.

இளவயதில் காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிமேல் மைல் கணக்கில் பந்தயம் ஓடியவராம் துரை. பட்டாளத்தில் சேர்ந்த பிறகும் ஓடினாராம். ஒருமுறைகூட முதலாவதாக வந்ததில்லையாம். பெரிய போட்டி ஒன்றுக்குத் தேர்வான சமயத்தில் யுத்தம் வந்து, எல்லாம் நின்றுபோனதாம். பாதி ஜெயம் பலகைக்கு அடியில் தேய்க்கிற மெழுகில்தான் இருக்கிறது என்பாராம். இதையெல்லாம் என் வீட்டுக்காரர் வீட்டில் நடித்துக் காட்டும்போது சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துரையை எண்ணூர்க் குப்பத்திலிருந்த என் அப்பா வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனோம். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் கடல் நண்டு தயாராக இருந்தது. ஆனால் விருந்தாளிக்குச் சேற்று நண்டுதான் போட வேண்டும் என்று இவருக்கு வீம்பு. வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த மனுஷனுக்குச் சேற்றில் எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று என்ன தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் கழிமுகத்தில் இறங்கிவிட்டார்.

அலறல் கேட்டு ஓடினோம். கரையிலிருந்து வெகு தள்ளி, இடுப்புவரை புதைந்து நின்றார். அசைய அசைய இன்னும் இறங்கினார். என் நைனா பாய்ந்து போய், தானும் தொடைவரை மாட்டிக்கொள்ள, நைனாவை இழுத்துப் போடுவதே பெரும்பாடாகிவிட்டது. எறிந்த கயிறு எட்டவில்லை. படகோ தரைதட்டிக் கிடந்தது.

"தண்ணி ஏறிக்கினு கீது. படகு மெதக்கறதுக்குள்ள மாப்ள தலைக்கு மேல பூடும்" என்று நைனா தலையில் அடித்துக்கொண்டார்.

துரை கரையோரம் ஓடினார். பழுதுபார்க்க ஏற்றி வைத்திருந்த படகின் பக்கத்தில் கிடந்த இரண்டு நீளப் பலகைகளை எடுத்துப் பாதத்தோடு கயிற்றால் கட்டினார். கைக்கு ஒன்றாக இரண்டு துடுப்புகள். இடுப்பில் நீளக் கயிறு. இறங்கிய கொஞ்ச தூரத்திலேயே சேறு பலகையைக் கவ்விக்கொண்டது. திரும்பி வந்து, உள்ளங்கையால் பலகையின் அடியைத் தேய்த்துக் காட்டி என்னைப் பார்த்தார். மெழுகு! இவர் நடித்துக் காட்டியதுதான். மெழுகுக்கு எங்கே போவது? படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெய் டின்னை ஓடிப்போய்த் தூக்கி வந்து, நானே இரண்டு பலகையிலும் அள்ளிப் பூசினேன். நாற்றத்தில் துரை முகம் கோணியது. ஆனால் போனார் பாருங்கள், சர்ரென்று!

இவரிடம் போய்ச் சேர்ந்ததும் துரை தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து இவர் அக்குளில் கட்டினார். கரையில் நைனா குரல் கொடுக்க, வலை இழுக்கிற மாதிரி குப்பமே சேர்ந்து இழுத்தது.

"மாப்ள, காலை ஒதறாத! குப்புறப் படு!"

ஒருவழியாக இவர் கரை சேர்ந்தார். வேட்டி சேற்றோடு போய்விட்டது. துரை பின்னாலேயே சறுக்கி வந்தார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

"நண்டு எங்க மாப்ள?" என்றார் நைனா. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

காதுவரை சேறோடு உட்கார்ந்திருந்த துரை, மூச்சிரைக்க இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"எவ்ளோ நேரத்துல போனேன்னு யார்னா பாத்தீங்களான்னு கேக்கறாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் துரை கப்பலேறிவிட்டார். பனியை நான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்த மனுஷன் ஒரு பந்தயத்திலும் ஜெயிக்கவில்லை என்று யாராவது சொன்னால், இதோ எதிரில் உட்கார்ந்து குழம்பில் உப்பு போதவில்லை என்று முணுமுணுக்கிற என் வீட்டுக்காரரைக் காட்டிச் சண்டைக்கே போய்விடுவேன்.