ரோமக்கோட்டுக் கடைக்கு முன்னால் ஒரு சிவப்புக் கார்

போன ஐப்பசியில் என் நண்பனின் மகள் என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். அது நான் எடுத்த படம். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது. ஒஸ்லோ நடுநகரில், ரயில் நிலையத்திலிருந்து ஏழெட்டு நிமிடம் நடந்தால் வரும் தெருவொன்றில், மிருகத்தோலில் தைத்த ரோமக்கோட்டு விற்கும் கடைக்கு முன்னால், சிவப்புக் கார் ஒன்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அவளுடைய அப்பா நிற்கிறான். படத்தின் கீழ் நோர்வே மொழியில் ஒரு வரி எழுதியிருந்தாள்: என் அப்பாவும் அவருடைய முதல் காரும். இது சரிதானே மாமா, எந்த வருடம் என்று சொல்லுங்கோ, தெருவின் வரலாற்றுப் பலகைக்கு அனுப்பவேண்டும் என்று கேட்டிருந்தாள்.

அந்தக் கார் அவனுடையதல்ல. யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோட்டு வாங்க வந்த யாரோ நிறுத்திவிட்டுப் போன கார். என் நண்பனுக்குக் கார் ஓட்டவே தெரியாது. இதை ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். நான் மூன்று நாள் பதில் போடாமல் இருந்தேன்.

பலகை என்று அவள் சொன்னது இதைத்தான். அந்தத் தெருவில் ஒரு கட்டட வரிசையை இடிக்கிறார்கள். இடிக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. தெருவைப் பார்த்த சுவரை மட்டும் இரும்புக் கம்பிகளால் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, உள்ளே இருந்த எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். வெளியே நின்று பார்த்தால் பழைய வீடு. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் மறுபக்கம் வானம் தெரியும். சுற்றிவர மரத்தட்டி அடித்து, தட்டி முழுவதும் தெருவின் வரலாற்றைப் படங்களாக ஒட்டப் போவதாகவும், பழைய படம் வைத்திருப்பவர்கள் அனுப்பலாம் என்றும் கட்டடக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். மகளின் அலுவலகம் பக்கத்துத் தெருவில். தினமும் அந்த வழியால் நடந்து போகிறவளுக்குத் தன் அப்பாவை அந்தத் தட்டியில் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. அதில் தவறு சொல்ல நான் யார்?

அந்தத் தெருவில்தான் நானும் அவனும் கோப்பை கழுவினோம். ரோமக்கோட்டுக் கடைக்கு நேர் கீழே, நிலக்கீழ் அறையில், ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறை இருந்தது. சாப்பிட வருகிறவர்களுக்கு வாசல் பெரிய தெருவில். எங்களுக்கு வாசல் பக்கத்தில் இருந்த குறுகிய ஒழுங்கைக்குள்: ஏழு படி இறங்கவேண்டும், பச்சை இரும்புக் கதவு, கதவருகே இரண்டு குப்பைத்தொட்டிகள். தெருவின் இரண்டு பக்கமும் அப்போது கார்கள் நிற்கும். நடுவில் டிராம் மணியடித்துக்கொண்டு நகரும். மாரிக் குளிரில் தெருவில் தூவும் உப்பும் பனியும் கலந்த கறுத்த சேறு கால் சட்டை முழுவதும் அடிக்கும். கோட்டுக் கடை, கமெராக் கடை, தொப்பிக் கடை, ஒரு வங்கி. அவற்றில் எதற்குள்ளும் நாங்கள் போனதில்லை. கமெராக் கடைக்குள் மட்டும் நான் ஒருமுறை போனேன். இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கமெரா வாங்கினேன். அதோடு எங்கள் ஆட்களுக்கு நான் படம்பிடிப்பவன் ஆனேன்.

ஊருக்கு அனுப்பும் படத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அதை யார் போட்டார்கள் என்று தெரியாது, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோட்டு வேண்டும், இல்லாதவன் இரவல் வாங்குவான். பின்னால் நல்ல கடையோ காரோ நிற்க வேண்டும். கோப்பை கழுவும் கை தெரியக்கூடாது, ஒரு கை பொக்கெற்றுக்குள், மற்றது காரில். வேலை செய்யும் இடம் படத்துக்குள் வரவே கூடாது. அதில் நான் மிகக் கவனம். அந்தச் சிவப்புக் காரோடு அவனை நிறுத்தியபோது ஒழுங்கையின் வாயும் தொட்டியின் ஒரு மூலையும் கமெராக் கண்ணாடியில் விழுந்தன. "மச்சான், ரெண்டடி தள்ளி நில், குப்பைத்தொட்டி விழுகுது" என்றேன். அவன் தள்ளி நின்றான். படம் கண்ணாடி மாதிரி வந்தது. அதைப் பார்த்துத்தான் அவனுக்குப் பெண் கொடுத்தார்கள்.

கலியாணம் முடிந்து மனைவி வந்து சேர்ந்த பிறகு, ஒரு வைகாசியில், அவனைக் கோப்பை கழுவுவதிலிருந்து எடுத்து அடுப்பில் சமைக்க விட்டார்கள். சமையல்காரரின் வெள்ளை மேற்சட்டை கொடுத்தார்கள். இரண்டு வரிசைப் பொத்தான், மார்பில் கடையின் அடையாளம். அன்று பின்னேரம் வேலை தொடங்க முதல் நான் ஒழுங்கைக்குள் வந்தபோது அவன் அந்தச் சட்டையோடு ஏழாவது படியில் நின்றான். பச்சைக் கதவைத் திறந்து ஒரு காலால் பிடித்திருந்தான். என் கழுத்தில் கமெரா தொங்கியது.

"மச்சான், இப்பிடியே ஒண்டு எடு" என்றான்.

நான் சிரித்தேன். "உந்தக் கோலத்தையோ ஊருக்கு அனுப்பப் போறாய்? போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வா."

"ஊருக்கில்லை. எனக்கு."

பிலிமில் இரண்டே படம்தான் மிச்சம் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். அவன் கோபிக்கவில்லை. கோபிக்கிற ஆள் இல்லை. அந்த இரண்டு படத்தையும் அடுத்த ஞாயிறு அரண்மனைப் பூங்காவில் பூ எடுக்கச் செலவழித்தேன். இரண்டும் மங்கல். அந்தப் பூக்கள் இன்னமும் என் அல்பத்தில் இருக்கின்றன.

அடுத்த வருடம் நான் டிராம் ஓட்டப் பழகப் போய்விட்டேன். பிறகு ஓய்வு பெறும்வரை அந்தத் தெருவால்தான் ஓட்டினேன். தெருவைப் பற்றி என்னிடம் கேட்டிருந்தால் தட்டி போதாமல் போயிருக்கும். கோட்டுக் கடை முதலில் போனது. மிருகத்தின் தோலை உடுப்பதற்கு ஆட்கள் வெட்கப்படத் தொடங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் வீடியோக் கடை வந்தது, பிறகு கைபேசிக் கடை, பிறகு மீனும் சோறும் உருட்டி விற்கும் கடை. சாப்பாட்டுக் கடை மதுக்கடையாகி, அதுவும் மூடி, நிலக்கீழ் அறையை யாரோ பழைய கதிரை மேசை அடுக்க வாடகைக்கு எடுத்தார்கள். கார் நிறுத்துவதை முதலில் ஒரு பக்கம் தடை செய்தார்கள், பிறகு இரண்டு பக்கமும். சைக்கிளுக்குச் சிவப்புப் பாதை போட்டார்கள். தண்டவாளத்தைக் கிண்டி மாற்றினார்கள். நடைபாதைக் கற்களுக்குக் கீழே சூடாக்கும் குழாய் பதித்தார்கள். பனி விழுந்த கையோடு கரைந்துவிடும், இப்போது அங்கே யாருடைய கால் சட்டையும் அழுக்காவதில்லை. எல்லாவற்றையும் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். நிறுத்தி இறங்கிப் பார்க்கும் வேலை இல்லை டிராம் ஓட்டுவது.

மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது, ஒரு மாசி மாதத்தில், அவன் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். உயிர் தங்கவில்லை. அவன் விழுந்த அன்று நான் அந்தத் தெருவால் நாலு தரம் போயிருக்கிறேன். ஒரு தரம் அம்புலன்ஸ் ஒழுங்கை வாயில் நின்றதால் டிராமை நிறுத்தி வைத்திருந்தேன். பயணிகள் முணுமுணுத்தார்கள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. யாருக்கு என்ன என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்னை எனக்குப் பிடிப்பதில்லை.

மகளின் செய்தி வந்த நாலாம் நாள், நகரத்தின் ஓரத்தில் இருக்கும் பியோர்ண்டாலுக்குப் போனேன். அவன் மனைவி இப்போதும் அங்கே மூன்றாம் மாடியில் அதே வீட்டில்தான் இருக்கிறார். தேத்தண்ணி வந்தது. படம் சுவரில் இருந்தது, பெரிதாக்கிச் சட்டம் போட்டு. கார் அவனுடையது என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்றேன். அவருக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. வந்து இறங்கிய அன்றே தான் கார் எங்கே என்று கேட்டதாகவும், அவன் வந்து நின்ற ரயிலைக் காட்டியதாகவும் சொல்லிக் கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"சின்னனிலை கேட்டவள், நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன். தகப்பனெண்டு அவளிட்டை இருக்கிறது உந்தப் படம் ஒண்டுதான், அண்ணை. நீங்கள் எடுத்த படம். நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கோ."

பந்து என் பக்கம் வந்துவிட்டது. ரயிலில் திரும்பும்போது யோசித்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நட்டம்? ஒரு மாரிகாலம் தட்டியில் நிற்கப் போகும் படம். ஆனால் அந்தத் தெருவின் கதையில் எங்கள் காலத்துக்கு உரிய இடத்தில் அவன் ஒருவன்தான் நிற்கப் போகிறான். அவன் அங்கே கார் வைத்திருந்தவனாக, கோட்டு வாங்க வந்தவனாக நிற்பான். அவன் பத்து வருடம் ஏறி இறங்கிய ஏழு படி யாருக்கும் தெரியாமல் போய்விடும். அந்தப் படிகளையும்தான் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

மகளின் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தட்டிக்கு முன்னால் சந்தித்தோம். கார்த்திகை மாதம், நடுப்பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். முதல் பலகைகள் ஒட்டியாகிவிட்டன: குதிரை வண்டி, தொப்பி போட்ட பெண்கள், பழைய டிராம். அதற்குப் பிறகு ஒரு வெறும் பலகை. அடுத்ததில் சைக்கிளும் கோப்பிக் கடையும் வந்துவிட்டன. வெறும் பலகையைக் காட்டி, "இது அப்பாட இடம்" என்றாள். சந்தோசமாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"மாமா, அந்தக் காரை அப்பா எப்ப வித்தவர்?"

சொன்னேன். கார் யாரோ ஒருவருடையது என்றும், கோட்டு என்னுடையது என்றும், அப்பா வேலை செய்தது இந்தச் சுவருக்குக் கீழே என்றும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தட்டியில் ஒரு சின்ன மரக்கதவு இருந்தது, வேலையாட்கள் போய்வருவதற்கு. பக்கத்தில் இடிபாடு போடும் பெரிய இரும்புத்தொட்டி. பச்சைக் கதவு இருந்த ஒழுங்கை வாய் அதுதான். காட்டினேன். கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"அப்ப அந்தக் கதவடியிலை நிண்டு எடுத்த படம் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை, பிள்ளை."

"ஒருத்தரும் எடுக்கேல்லையோ?"

"அப்பா கேட்டவர். வெள்ளைச் சட்டையோடை நிண்டு தனக்கெண்டு கேட்டவர். நான்தான் எடுக்கேல்லை."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிலிமில் இரண்டு படம்தான் இருந்தது என்று சொல்லியிருப்பேன், அதுவும் அரைப் பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அவனுக்கு இல்லாத வெட்கம். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அவள் போய்விட்டாள். மூன்று கிழமை ஒரு தகவலும் இல்லை. நான் பியோர்ண்டாலுக்கும் போகவில்லை, தொலைபேசி எடுக்கவும் இல்லை. இத்தனை வயதுக்கு மேல் ஒரு பிள்ளையிடமிருந்து தகப்பனைப் பறித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மார்கழி தொடங்கியதும் ஒரு காலை தட்டியடிக்கு வரச்சொல்லி அவளிடமிருந்து செய்தி வந்தது. பலகை நிறைந்திருந்தது. அதே படம், ஆள் உயரத்துக்கு. கீழே வரியை மாற்றியிருந்தாள்: என் அப்பா இந்தக் கடைக்குக் கீழே பாத்திரம் கழுவினார், பிறகு சமைத்தார். இந்தக் கார் அவருடையதல்ல. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு வயதான மனிதர் அந்தக் காரின் வகையைப் பற்றி இன்னொருவரிடம் உற்சாகமாகக் கதைத்துவிட்டுப் போனார். கீழே இருந்ததை வாசித்ததாகத் தெரியவில்லை.

அவள் தன் கைபேசியை என்னிடம் நீட்டினாள். அப்பாவுக்குப் பக்கத்தில் தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னாள். போய் நின்றாள், பலகைக்கும் அந்த மரக்கதவுக்கும் நடுவில். திரையில் அவளும் அவனும் வந்தார்கள். அவளுடைய தோளுக்குப் பின்னால் கதவும், இடிபாட்டுத் தொட்டியின் ஒரு மூலையும் வந்தன.

"ரெண்டடி தள்ளி நில், பிள்ளை. தொட்டி விழுகுது."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவள் அதற்குள் தள்ளி நின்றுவிட்டாள். சிரிக்கவும் செய்தாள். என் விரல் தன்பாட்டில் அழுத்திவிட்டது. கைபேசியை வாங்கிப் பார்த்து வடிவாக இருக்கிறது என்றாள். இன்னொன்று எடுக்கிறேன், அந்தக் கதவடியில் வந்து நில் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நேரத்தைப் பார்த்து, நேரமாச்சு மாமா என்று, பச்சை விளக்கு மாறுமுன் தெருவைக் கடக்க ஓடிவிட்டாள்.

நான் என் கைபேசியை எடுத்து, அந்தக் கதவைத் தனியாக ஒரு படம் எடுத்தேன்.